கோழிக்குப் போட்ட கோதுமைக்கு அபராதமா? அமெரிக்க ஃபெடரல் அரசுக்கு எல்லைக்கோடு எங்கே இருக்கிறது?

ஒஹையோ மாநிலத்து விவசாயி ராஸ்கோ ஃபில்பர்ன். மாடு, கோழி வளர்ப்பவர். ஃபெடரல் சட்டப்படி அவர் 11.1 ஏக்கரில் மட்டுமே கோதுமை போடலாம். அவரோ 23 ஏக்கரில் போட்டார். 1941 அறுவடையில் கூடுதலாக 239 புஷல் கிடைத்தது. அதற்கு விதிக்கப்பட்ட அபராதம் 117 டாலர், 11 சென்ட்.

பெரும்பகுதி கால்நடைத் தீவனம், வீட்டு மாவு, விதை என்று தன் தேவைக்கே போகிறது. இதில் வாஷிங்டனுக்கு என்ன வேலை? இதுதான் ஃபில்பர்னின் கேள்வி. நியாயமாகத்தானே தெரிகிறது? ஆனால், 1942-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அரசு பக்கம் நின்றது. ஒருவர் செய்தால் சின்ன விஷயம். நாடு முழுக்க விவசாயிகள் இப்படிச் செய்தால் சந்தையில் கோதுமை வாங்குவது குறையும், விலை சரியும். எனவே அவர் வீட்டுக் கோதுமையும் ‘மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்’ சார்ந்ததுதான் என்றது தீர்ப்பு.

கோழித் தீவனம் வரை கை நீட்ட முடியும் என்றால், அந்த அரசுக்கு எல்லை என்று ஒன்று இருக்கிறதா?

இரண்டு பயங்களில் பிறந்த சட்டம்

அமெரிக்க அரசமைப்பை எழுதியவர்களுக்கு இரண்டு பயங்கள் இருந்தன. முதலாவது, எல்லையில்லாத அதிகாரம். எந்த விஷயத்திலும் காலனிகளுக்குச் சட்டம் போடும் உரிமை தனக்கு உண்டு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1766-ல் அறிவித்தது. மக்களின் சம்மதமே அரசுக்கு ஆதாரம் என்ற ஜான் லாக்கின் சிந்தனையைப் படித்து வளர்ந்த தலைமுறை அதை ஏற்கவில்லை.

இரண்டாவது பயம் நேர் எதிர்: கையாலாகாத அரசு. 1781-ல் நடைமுறைக்கு வந்த முதல் கூட்டமைப்பில் மத்தியில் இருந்தவர்களால் வரி போட முடியாது, மாநிலங்களிடம் பணம் கேட்டுக் காத்திருக்க வேண்டும். மாநிலங்களோ ஒன்றின் சரக்குக்கு இன்னொன்று வரி போட்டுச் சண்டை பிடித்தன. மாடிசன் சும்மா இருக்கவில்லை. பாரிஸிலிருந்து ஜெஃபர்சன் அனுப்பிய புத்தகங்களை வைத்துக்கொண்டு, பழைய கிரேக்கக் கூட்டமைப்புகள் முதல் ஐரோப்பியக் கூட்டமைப்புகள் வரை ஏன் தடுமாறின என்று குறிப்பெடுத்தார்.

1787-ல் பிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட சட்டம் இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவே நிற்கிறது. சட்டம் இயற்றுதல், நிர்வாகம், நீதி மூன்றையும் ஒரே கையில் கொடுக்கக் கூடாது என்ற மாண்டெஸ்கியூவின் யோசனை அதில் இருக்கிறது. காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. பட்டியலில் இல்லாத, மாநிலங்களுக்குத் தடை செய்யப்படாத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ சொந்தம் என்கிறது 1791-ல் வந்த 10-வது திருத்தம். இந்தியாவில் இது தலைகீழ். இங்கே மூன்று பட்டியல்களிலும் இல்லாத விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போகும்.

ஒரே ஒரு வரி, இத்தனை நீளம்

அந்தப் பட்டியலில் உள்ள ஓர் அதிகாரம்தான் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்துவது. ஃபில்பர்னைப் பிடித்தது இதுதான். ‘அப்படியென்றால் இந்த வரியைச் சுருக்கிவிடலாமே’ என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க.

1964-ல் கறுப்பின மக்களுக்கு அறை தர மறுத்த அட்லாண்டா மோட்டல் ஒன்று, குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டது. அதைத் தோற்கடித்தது இதே வணிக வரி. அங்கே தங்கியவர்களில் சுமார் 75 சதவீதம் பேர் வெளிமாநிலத்தவர். பர்மிங்ஹாமில் கறுப்பினத்தவரை உட்கார வைத்துப் பரிமாற மறுத்த உணவகமும் அப்படியே தோற்றது. அது வாங்கிய இறைச்சியில் கணிசமான பகுதி வேறு மாநிலத்திலிருந்து வந்தது. ஃபில்பர்னைக் காப்பாற்றும் அளவுக்கு அந்த வரியைச் சுருக்கினால், இந்தத் தீர்ப்புகளும் ஆட்டம் காணும்.

நீதிமன்றம் அவ்வப்போது பிரேக் போடாமல் இல்லை. பள்ளிக்கு அருகே துப்பாக்கி வைத்திருப்பது வணிகம் ஆகாது என்று 1995-ல் 5–4 கணக்கில் ஒரு ஃபெடரல் சட்டத்தை ரத்து செய்தது. ஆனால் 2005-ல், சொந்த மருத்துவத் தேவைக்காக வீட்டில் வளர்த்த கஞ்சா வணிகத்துக்குள் வந்துவிட்டது. எது வணிகம், எது வணிகமில்லை என்று கோடு கிழிக்கும் முயற்சி எண்பது ஆண்டுகளாக இப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

பக்கம் மாறும் கட்சிகள்

எல்லை பேசுகிறவர்களும் நிலையாக நிற்பதில்லை. ‘மாநில உரிமை’ என்றாலே அடிமை முறையைக் காக்க தெற்கு மாநிலங்கள் பிடித்த கேடயம் என்பதுதான் பொதுவான நினைவு. அது உண்மைதான். ஆனால் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத்தர ஃபெடரல் அரசின் முழு பலத்தையும் 1850-ல் கேட்டு வாங்கியதும் அதே தெற்குதான். அப்போது மாநில உரிமை பேசியது வடக்கு. மாசசூசெட்ஸ் மாநிலம் 1843-லேயே, அடிமை பிடிக்கும் வேலைக்குத் தன் அதிகாரிகளோ சிறைகளோ உதவக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது.

இதே கதை மறுபடி நடந்தது. கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர் காவல் அதிகாரிகள் சோதிக்க வேண்டும் என்ற ஃபெடரல் சட்டத்தை எதிர்த்து இரண்டு ஷெரீஃப்கள் வழக்காடினார்கள். மாநில அதிகாரிகளை வாஷிங்டன் வேலை வாங்க முடியாது என்று 1997-ல் தீர்ப்பு வந்தது. கொண்டாடியவர்கள் பழமைவாதிகள். இருபது ஆண்டுகள் கழித்து, குடியேறிகளைப் பிடிக்கும் ஃபெடரல் வேலையில் தன் காவல்துறையின் ஒத்துழைப்பைக் கட்டுப்படுத்தி கலிஃபோர்னியா சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்துக்குக் கைகொடுத்தது இதே கொள்கை. இம்முறை கொண்டாடியவர்கள் லிபரல்கள்.

எந்தக் கோடு வேலை செய்கிறது?

‘எல்லாரும் சந்தர்ப்பவாதிகள்’ என்று சலித்துக்கொண்டு இதைக் கடந்துவிடக் கூடாது. இரண்டு தரப்புக்கும் மாறி மாறிப் பயன்பட்டதுதான் இந்தக் கொள்கையின் பலம். எது வணிகம் என்ற கேள்விக்கு நீதிபதிக்கு நீதிபதி பதில் மாறுகிறது. ‘யாருடைய ஆளை வைத்து, யாருடைய செலவில் இந்த வேலை நடக்கிறது?’ என்ற கேள்விக்கு அவ்வளவு குழப்பம் இல்லை. ஃபெடரல் அரசு தன் சட்டத்தைத் தன் ஆட்களை வைத்து நிறைவேற்றட்டும், மாநில போலீஸைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவ்வளவுதான். 2012-ல், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தை விரிவாக்க மறுக்கும் மாநிலத்துக்கு ஏற்கெனவே வரும் நிதியையும் நிறுத்துவது மிரட்டல் என்று 7–2 கணக்கில் நீதிமன்றம் சொன்னதும் இந்தத் திசையில்தான்.

இந்தக் கோட்டுக்கும் குறை உண்டு. இது மாநில அரசைக் காக்கும், ஃபில்பர்ன் போன்ற தனிமனிதரைக் காக்காது. அவருக்கு உரிமைச் சாசனம், தேர்தல், சட்டத்தை மாற்றக் கேட்கும் குரல் ஆகியவைதான் துணை. ஆனாலும் வாஷிங்டன் நினைத்ததை எல்லாம் செய்துவிட முடியாதபடி, செலவையும் பழியையும் அதன் தலையிலேயே இது ஏற்றுகிறது. சொந்தச் செலவில், சொந்தப் பெயரில் செய்ய வேண்டும் என்றால் எந்த அரசும் ஒருமுறை யோசிக்கும்.

அடுத்த முறை ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் வாஷிங்டனை எதிர்த்து கோர்ட் படி ஏறும் செய்தி உங்கள் போனில் வந்தால், வெள்ளை மாளிகையில் எந்தக் கட்சி இருக்கிறது என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டு வழக்கைப் படியுங்கள். பிறகு கட்சியை மாற்றிப் போட்டு இன்னொரு முறை படியுங்கள். இரண்டு முறையும் ஒரே தீர்ப்பு சரியென்று பட்டால், அந்த எல்லைக்கோடு காப்பாற்ற வேண்டியதுதான்.