கணினி ஆசிரியரும் கைப்பயிற்சியும்

தமிழாசிரியன் ஒருவனுக்குக் கணினி பற்றி உரைக்க என்ன உரிமை எனச் சிலர் வினவக்கூடும். கணினியைப் பற்றியன்று, அதனைக் கற்பிப்போரை ஆக்கும் முறையைப் பற்றியே யான் எழுதப் புகுந்தேன்.

2013ஆம் ஆண்டு உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை தொடங்கப்பெற்றது. அதன்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்க வல்லாரை மலைநாட்டுப் பாடசாலைகளும் வேண்டி நிற்கின்றன. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி எழுந்த தேசிய கல்வியியற் கல்லூரிகளிலே ஈராண்டு தங்கிக் கற்றலும், மூன்றாம் ஆண்டு பாடசாலையொன்றிற் கட்டுறு பயில்வும் முறையாகும். பத்தனை ஸ்ரீபாதக் கல்லூரி தோட்டப்புறத்துக்கு ஆசிரியரை ஈந்து வருவதை நீவிர் அறிவீர். முறை நன்றே. அம்மூன்றாம் ஆண்டினை எங்கே, எவ்வாறு கழிப்பது என்பதே வினா.

ஆளுக்கொரு கணினி வாய்ந்த நகரக் கூடத்திற் பயின்றவர், ஒரு கணினியைச் சூழ நால்வர் அமரும் மடுல்சீமைப் பக்கத்து வகுப்புக்கு வந்தால் திகைப்பர். மின்சாரம் தடைப்பட்டாலோ பாடமும் உடன் நின்றுவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆதலின் பயில்வு இத்தகைய வகுப்புகளிலேயே நிகழ்தல் வேண்டும்.

மின்சாரமின்றியும் இப்பாடம் நடக்கும். நியூசிலாந்தின் கன்ரபரிப் பல்கலைக்கழகத்து ரிம் பெல் முதலியோர் 1990களில் அதற்கெனப் பயிற்சிகள் வகுத்தனர். 1, 2, 4, 8, 16 எனப் புள்ளியிட்ட அட்டைகளை ஐந்து மாணவர் ஏந்தி நிற்பர். 13 என்றால் 8, 4, 1 முகங்காட்டும். ஏனைய இரண்டும் முதுகு காட்டும். இவ்வாறே 0 முதல் 31 வரை எவ்வெண்ணையும் அமைக்கலாம். துவித எண்முறையைச் சிறுவர் விளையாட்டாகவே பற்றிக்கொள்வர்.

இன்னொன்று இதனினும் அரிது. மாணவனின் செய்நிரல் பிழைத்தவுடன் சுட்டியைத் தாமே பற்றித் திருத்திவிடும் பயிலுநர் பலர். கட்டுரையிலே சிவப்பு மையாற் சரியான சொல்லை ஆசிரியரே எழுதிவிட்டால், மாணவன் அதனைப் பாராமலே ஏட்டை மூடுவான், இங்கும் அஃதே. எந்த வரியில் எம்மதிப்பு மாறியதென அவனையே தேடச் செய்து, கைகட்டி நிற்கப் பழகுதல் வேண்டும். வழுச்செய்தியோ ஆங்கிலத்தில் வரும். அதனைத் தோட்டத்துப் பிள்ளைக்கு விளங்கவைக்கும் தமிழ் ஆசிரியரிடம் இருத்தல் வேண்டும். மேற்பார்வைக்கு வருவோர் பாடக்குறிப்பின் அழகினும் இவற்றை நோக்கிப் புள்ளியிடுவாராக.

2005இல் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலே பசறை வீதியிற்றான் நிற்கின்றது. அங்கே கணினி விஞ்ஞானம் பயில்வோர் எம் பயிலுநரோடு மாதம் ஒருமுறை கூடினால் இருசாரார்க்கும் பயனுண்டு. பழைய மாணவருள்ளும் கொழும்பிலும் கடல் கடந்தும் மென்பொருட்பணி புரிவோர் உளர். விழாவை நினைந்து புதுக் கணினி அனுப்ப அவர் எண்ணுவது நன்றே. ஆயினும் பூட்டிய கூடத்திலே தூசு படியும் கணினிகளையும் யாம் கண்டுள்ளோம். விடுமுறைக்கு ஊர் வரும்போது, ஒரு முற்பகல் பயிலுநரின் அருகமர்ந்து, தாம் அன்றாடம் வழுத்தேடும் முறையைக் காட்டுவாராக. அதற்கு ஆகும் செலவு பசறைக்கு வரும் பஸ் கட்டணமே.