வாயைத் திறந்து பார்த்தோமா?

பள்ளியிலிருந்து திரும்பி வந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறோம். தயிர்சாதம் காலி. பக்கத்தில் வைத்த கேரட் துண்டுகளும் கொண்டைக்கடலைச் சுண்டலும் அப்படியே இருக்கின்றன. "விடிகாலையில் எழுந்து யாருக்காகச் சமைக்கிறேன்?" என்று தொடங்குகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவதையும் சேர்த்துச் சொல்கிறோம். நம் பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது.

எது காலியானது, எது மிஞ்சியது என்று கவனித்தோமா? மெல்லாமல் விழுங்கக்கூடியது காலியாகியிருக்கிறது. மெல்ல வேண்டியது மிஞ்சியிருக்கிறது. சொத்தைப் பல் உள்ள பிள்ளைகள் பலர் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள். சிறு பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. நாளடைவில் அந்த வலி பழகியும் போய்விடும். ஒரு பக்கமாகவே மெல்லும். சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முறுக்கை எச்சிலில் ஊறவைத்து விழுங்கும். இதற்கெல்லாம் நாம் வைத்திருக்கும் பெயர் அடம்.

உணவு எச்சிலில் கரைந்தால்தான் நாக்குக்கு ருசி தெரியும். நன்றாக மெல்லும்போது எழும் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறினால்தான் அந்த ருசி முழுமையாகும். மெல்லவே பயப்படும் பிள்ளைக்கு இரண்டுமே பாதிதான் கிடைக்கும். பல்லின் குழியில் சிக்கிய சோறு அழுகி, ஈறில் சீழ் கசிந்து வாயே கசந்துகிடக்கும்போது, அந்தப் பிள்ளைக்கு எந்தச் சமையல் ருசிக்கும்?

இரவு டியூஷனும் வீட்டுப்பாடமும் முடிந்து கண் சொருகும் நேரத்தில், சர்க்கரை போட்ட பாலை நீட்டுகிறோம். பிள்ளை குடித்த கையோடு படுத்துவிடுகிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். வாயிலுள்ள கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்கி, எனாமலை அரிக்கின்றன. பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள் முதலில் கறுப்பதும் இதனால்தான். வீட்டுப்பாடத்தை ஒரு வரி விடாமல் முடிக்க வைக்கும் நமக்கு, பல் துலக்கிவிட இரண்டு நிமிடம் கிடைக்காதா?

மதிப்பெண் வாங்கினால் சாக்லேட், அழுதால் லாலிபாப், சாப்பிடாவிட்டால் கையில் செல்போனைக் கொடுத்து வாயில் திணிப்பு. பாசத்தில்தான் செய்கிறோம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கறுப்புப் புள்ளி கண்ணில் பட்டாலும், "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று ஆறுதல் அடைகிறோம். கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயது வரை இருந்தாக வேண்டியவை. அத்தனை வருடமும் பிள்ளை எதை வைத்து மெல்லும்? 6 வயதையொட்டி அவற்றுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதையும் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறோம். அது போனால் இன்னொன்று முளைக்காது. உலகில் 51 கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்குப் பால் பற்களில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. அதில் நம் வீட்டுப் பிள்ளை இல்லை என்று எப்படித் தெரியும், பார்க்காமலே?

வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பார்ப்போம். ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால், சொத்தை தொடங்குகிறது என்று பொருள். அந்தக் கட்டத்திலேயே பல் டாக்டரிடம் போனால் ஃபுளோரைடு வைத்துத் தடுக்க வழியுண்டு. ஏழெட்டு வயது வரை இரவில் நாமே துலக்கிவிடுவோம். ஃபுளோரைடு பற்பசை 3 வயது வரை அரிசி அளவும், அதன்பின் பட்டாணி அளவும் போதும். துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இன்னொன்றையும் நிறுத்துவோம். "ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லிப் பல்லைப் பிடுங்கச் சொல்வேன்" என்று மிரட்டினால், வலியை மறைக்கத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். அது சாப்பாட்டைத் தள்ளிவைக்கும்போது, அதட்டுவதற்கு முன்னால் "எங்கே வலிக்குது, காட்டு" என்று கேட்போம்.