இ-20 பெட்ரோலும் எண்ணப்படாத துகள்களும்

இருபது சதவீத எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் குறித்து 2025-ஆம் ஆண்டில் எழுந்த விவாதம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே சுற்றிவந்தது. மைலேஜ் எவ்வளவு குறையும்? பழைய வாகனங்களின் ரப்பர் பாகங்கள் தாங்குமா? இரண்டும் நியாயமானவை; ஆனால், இரண்டுமே வாகன உரிமையாளரின் கேள்விகள். அந்த வாகனத்தின் பின்னால் நின்று மூச்சுவிடுபவரின் கேள்வி அதிகம் எழவில்லை.

எத்தனாலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் வாயுக்களைப் பற்றியவை. நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட செயல்திட்ட அறிக்கையின்படி, இ-20 பயன்பாட்டால் கார்பன் மோனாக்சைடு இருசக்கர வாகனங்களில் 50 சதவீதமும், நான்கு சக்கர வாகனங்களில் 30 சதவீதமும் குறைகிறது. நல்ல செய்திதான். எனினும், நுரையீரலின் ஆழம்வரை செல்பவை நுண்துகள்கள். அங்கே கணக்கு இவ்வளவு எளிதாக இல்லை.

பெட்ரோலில் புகைக்கரி உருவாவதற்கு முதன்மைக் காரணம், அதிலுள்ள அரோமேடிக் எனப்படும் வளைய மூலக்கூறுகள். குறிப்பாக, எளிதில் ஆவியாகாத கனமான வகைகள். எத்தனாலில் வளையம் இல்லை. எடையில் ஏறத்தாழ 35 சதவீதம் ஆக்சிஜன். எனவே, அதைக் கலந்தால் கரி குறைய வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால், எத்தனால் ஆவியாக பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் தேவை. அது ஆவியாகும்போது சுற்றியுள்ள எரிபொருளையும் குளிர்விக்கிறது. கனமான அரோமேடிக்குகள் ஆவியாகத் தாமதித்து, பிஸ்டன் மீது ஈரப்படலமாகத் தங்கி, பின்னர் புகைந்து எரிகின்றன. சிலிண்டருக்குள்ளேயே எரிபொருளைப் பீய்ச்சும் நேரடி உட்செலுத்து என்ஜின்களில், அதிலும் குளிர்ந்த நிலையில் வண்டியைக் கிளப்பும் முதல் சில நிமிடங்களில், இந்தச் சிக்கல் கூடுதல்.

ஆய்வு முடிவுகள் முரண்படுவதும் இதனால்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 15 கார்களையும் 27 வகை எரிபொருள்களையும் வைத்து நடத்தி, 2013-இல் வெளியிட்ட ஆய்வு, எத்தனால் கூடும்போது துகள் கூடுவதாகக் கண்டது. சோதனை எரிபொருள்களின் கொதிநிலையைச் சீராக்கக் கனமான சேர்மங்கள் சேர்க்கப்பட்டதே காரணம் என்று எத்தனால் தரப்பினர் வாதிட்டனர். மறுபுறம், பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 2011-இல் எத்தனால் விலை உயர்ந்து மக்கள் பெட்ரோலுக்கு மாறியபோது, காற்றில் அதிநுண் துகள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியதாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால், தரைமட்ட ஓசோன் குறைந்திருந்தது. அங்கே பெட்ரோலுக்கு மாற்றாக இருந்தது பெட்ரோல் கலவாத எத்தனால் என்பதால், அதை அப்படியே நமது இ-20-க்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

என் பார்வையில், இருபது சதவீதத்தைவிட மீதமுள்ள எண்பது சதவீதமே முக்கியம். எத்தனால் ஆக்டேன் எண்ணை உயர்த்துகிறது. அந்த உயர்வைப் பயன்படுத்தி அரோமேடிக்குகளைச் சுத்திகரிப்பு ஆலைகள் குறைத்தால், துகளும் குறையும். பழைய பெட்ரோலிலேயே எத்தனாலை ஊற்றிக் கலந்தால், பலன் என்ஜினைப் பொருத்து ஏறியிறங்கும். பிஎஸ்-6 தரம் அரோமேடிக்குகளுக்கு 35 சதவீத உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு மொத்த அளவைப் பார்க்கிறதே தவிர, கனமானது எது, இலகுவானது எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

அளவீட்டிலும் ஓட்டை இருக்கிறது. பிஎஸ்-6 விதிகளில் துகள் எண்ணிக்கைக்கான வரம்பு, பெட்ரோல் கார்களில் நேரடி உட்செலுத்து வகைக்கு மட்டுமே உண்டு: கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள்கள். சாதாரண பெட்ரோல் கார்களுக்கும், நம் தெருக்களை நிறைத்திருக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் அது இல்லை. 23 நானோமீட்டருக்குக் குறைவான துகள்கள் எந்தக் காரிலும் கணக்கில் வருவதில்லை. ஐரோப்பாவின் யூரோ-7 விதி இந்த எல்லையை 10 நானோமீட்டராக இறக்கியிருக்கிறது. கலப்பு அளவை 20 சதவீதத்துக்கு மேல் உயர்த்தும் யோசனைக்கு முன்னால், நம் பம்புகளில் கிடைக்கும் எரிபொருளை நம் ஸ்கூட்டர்களில் ஊற்றி, வெளிவரும் துகள்களை எண்ணி, அந்த எண்களைப் பெட்ரோலிய அமைச்சகம் பொதுவெளியில் வைக்க வேண்டும்.