வாசலுக்குக் காகிதம், குளத்துக்கு நிஜப் பூ

புரட்டாசி அமாவாசை வந்துவிட்டால் ஹைதராபாத்தில் பூவுக்குக் கிராக்கி. அன்று தொடங்கி ஒன்பது நாள் பதுகம்மா பண்டிகை. தாம்பாளத்தில் பூக்களை வட்ட வட்டமாக அடுக்கிக் கோபுரம்போல் எழுப்பி, உச்சியில் மஞ்சளில் பிடித்த கௌரம்மாவை வைத்து, பெண்கள் கைதட்டிப் பாடிச் சுற்றி வருகிறார்கள். முடிவில் அதை நீரில் விடுகிறார்கள். 2014-ல் தெலங்கானா தனி மாநிலமானதும் இது அரசு விழாவாகிவிட்டது.

அடுக்கில் முக்கியமான பூக்கள் இரண்டு. ஒன்று தங்கேடு, நம் ஆவாரம்பூதான். தெலங்கானாவின் மாநிலப் பூவும் இதுவே. மற்றது குனுகு, அதாவது பண்ணைக்கீரைப் பூ. இரண்டும் யாரும் நடாமல் தரிசிலும் வரப்பிலும் வளர்பவை. நகரத்தின் தரிசுகள் மனைகளாகிவிட்டதால் பூ வெளியூரிலிருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்குகிறது. விலை ஏற ஏற, தாம்பாளத்தில் பிளாஸ்டிக்கும் காகிதமும் நுழைகின்றன. பிளாஸ்டிக் நீரில் மக்காது. க்ரேப் காகிதமோ நனைந்ததும் சாயத்தைக் கக்கும்.

காகிதப் பூவுக்குப் பொருத்தமான இடம் வாசல். வீட்டிலேயே செய்யலாம். அட்டைப் பெட்டியிலிருந்து 12 அங்குலக் குறுக்களவில் ஒரு வட்டம் வெட்டி, அதன் நடுவே 8 அங்குல வட்டத்தை நீக்கிவிட வேண்டும். மிஞ்சும் வளையத்தின்மேல் பழைய செய்தித்தாளையும் அதன்மேல் பச்சைக் காகிதத்தையும் சுற்ற வேண்டும்.

ஆவாரம்பூவுக்கு மஞ்சள் க்ரேப் காகிதத்தில் ஐந்து இதழ்கள். காகிதத்தின் சுருக்கங்கள் இதழின் நீளவாக்கில் இருப்பது முக்கியம். அப்போதுதான் நடுவில் கட்டைவிரல்களால் மெல்ல இழுத்தால் இதழ் கிண்ணம்போல் குழியும். குனுகுக்கு, 2 அங்குல அகல வெள்ளை நாடாவின் ஓர் ஓரத்தைச் சீப்புப் பல்போல் கத்தரித்து, ஈர்க்குச்சியில் மேலிருந்து கீழாகச் சுற்றினால் கதிர் தயார். நுனியில் ரோஸ் நிறம் தொட்டுவைக்கலாம். மைதாப் பசையைப் பூச்சி அரிக்கும், ஃபெவிகால் நல்லது.

வளையம் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் வரும். மலர் வளையம் இறந்தவர்களுக்கு வைப்பதாயிற்றே! அடியில் ஐந்து மாவிலைகளைத் தொங்கவிட்டால் அது தோரணமாகிவிடும். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் வீடுகளில் ஆவாரம்பூ வாசலுக்குப் புதிதுமல்ல.

வெயிலில் நிறம் வெளுக்கும், சாரலில் சாயம் இறங்கும். எனவே நிலைக்கதவின் உட்புறம் மாட்டுவது உத்தமம். பண்டிகை முடிந்ததும் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தால் அடுத்த புரட்டாசிக்கும் உதவும்.

குளத்துக்குப் போகும் தாம்பாளத்தில் மட்டும் நிஜப் பூவே இருக்கட்டும். விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் அது வரப்போரம் குனிந்து பூப் பறித்தவர்களின் கூலி.