பெருநாள் அன்பளிப்புக்கு வீட்டில் செய்யும் சொக்லேட் இனிப்புகள்

 

பெருநாள் நெருங்கிவிட்டால் எமது சமையலறைகளில் வட்டிலப்பமும் தொதலும் மஸ்கட்டும் மணக்கத் தொடங்கிவிடும். ஆனால் பிள்ளைகளின் கண் தேடுவது சொக்லேட்டைத்தான். வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வரும் உறவினர்கள் பெட்டி நிறையக் கொண்டுவந்து அந்த ருசியைப் பழக்கிவிட்டார்கள். கடையில் அழகான பெட்டிகளை வாங்கி நான்கு வீடுகளுக்குக் கொடுக்க நினைத்தால் மாதச் செலவே தடுமாறும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது இறக்குமதி நிறுத்தப்பட்ட பொருட்களில் சொக்லேட்டும் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

வெறுங்கையோடு போக மனமில்லாமல், பெருநாளன்று சாச்சி வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் போவதையே தள்ளிப் போடும் சகோதரிகள் இருக்கிறார்கள். உறவைப் பார்க்கப் போக ஒரு பெட்டி இனிப்பு தடையாகலாமா? ஒரு டின்பாலும் கொஞ்சம் கொக்கோ தூளும் இருந்தால் அந்தத் தயக்கம் தேவையில்லை. கீழே தருகின்ற பால் டொபியில் 49 துண்டுகள் கிடைக்கும். வீட்டுக்குப் பன்னிரண்டு என்று வைத்தாலும் நான்கு வீடுகளுக்குப் போதும்.

எமது சூட்டுக்கு எது ஏற்றது?

அசல் சொக்லேட்டில் இருப்பது கொக்கோ வெண்ணெய். அது 30 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கி, 34 பாகை அளவில் உருகிவிடும். வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். கொழும்பிலும் காத்தான்குடியிலும் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். எனவே அசல் சொக்லேட்டை உருக்கி அச்சில் வார்த்து, பஸ்ஸில் கொண்டு போனால் போய்ச் சேரும்போது கூழாகத்தான் இருக்கும்.

நமக்கு ஏற்ற வழிகள் இரண்டு. ஒன்று, கொக்கோ தூள் சேர்த்துச் செய்யும் டொபியும் உருண்டையும். மற்றது, வெளிப்பூச்சுக்குக் ‘கொம்பவுண்ட்’ எனப்படும் குக்கிங் சொக்லேட். இதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்க்கப்படுகிறது. ருசியில் அசலுக்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் சூட்டைக் கொஞ்சம் கூடத் தாங்கும், விலையும் குறைவு.

கொக்கோ தூள் வாங்கும்போது சீனி சேராததைப் பார்த்து வாங்குங்கள். குடிக்கும் சொக்லேட் தூளில் சீனி கலந்திருப்பதால் அது இதற்குச் சரிவராது.

பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள்

ஹலால் முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முத்திரை இல்லாவிட்டால் சேர்மானங்களை வாசியுங்கள். ஈ-471 என்பது தாவர எண்ணெயிலிருந்தும் பெறப்படலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் பெறப்படலாம். ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் தெரிய வேண்டும். ஈ-120 என்ற சிவப்புச் சாயம் ஒரு வகைப் பூச்சியிலிருந்து கிடைப்பது. வெனிலா எசன்ஸ் சிலவற்றில் மதுசாரம் இருக்கும். மதுசாரம் இல்லாததை வாங்குங்கள், அல்லது ஏலக்காய்த் தூள் போடுங்கள். கொக்கோவோடு ஏலக்காய் நன்றாகவே சேரும்.

1. கொக்கோ பால் டொபி

தேவையான பொருட்கள்:
டின்பால் – 1 டின் (சுமார் 390 கிராம்)
சீனி – 500 கிராம்
தண்ணீர் – அரைக் கப்
கொக்கோ தூள் – 3 மேசைக்கரண்டி
பட்டர் – 50 கிராம்
வறுத்து நறுக்கிய கஜு – 100 கிராம்
வெனிலா அல்லது ஏலக்காய்த் தூள் – 1 தேக்கரண்டி

செய்முறை:
8 அங்குலச் சதுரத் தட்டொன்றில் பட்டர் தடவி முதலிலேயே தயாராக வையுங்கள். அடி கனமான தாச்சியில் சீனியையும் தண்ணீரையும் இட்டு, மெல்லிய நெருப்பில் சீனி முற்றாகக் கரையும்வரை கிளறுங்கள். பிறகு டின்பாலை ஊற்றுங்கள். கொக்கோ தூளைச் சலித்து, சிறிது சுடுநீரில் கட்டியில்லாமல் குழைத்துச் சேருங்கள். மரக் கரண்டியால் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

கலவை இறுகித் தாச்சியின் ஓரத்தை விட்டு விலகத் தொடங்கும்போது, ஒரு துளியை எடுத்துக் குளிர்ந்த நீரில் விடுங்கள். விரலால் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். அதுதான் பதம். உடனே பட்டர், கஜு, வெனிலா மூன்றையும் சேர்த்து இறக்கி, பளபளப்பு மங்கும்வரை ஓரிரு நிமிடம் கிளறி, தட்டில் கொட்டிச் சமப்படுத்துங்கள். இளஞ்சூட்டிலேயே நீளத்தில் ஏழும் அகலத்தில் ஏழுமாகக் கத்தியால் கோடிட்டு, ஆறிய பின் பிரித்தெடுங்கள்.

டொபி இறுகாமல் ஒட்டினால் பதம் போதவில்லை. உதிர்ந்து போனால் பதம் கடந்துவிட்டது. எதுவானாலும் வீசிவிட வேண்டாம். சிறிது தண்ணீர் சேர்த்து மெல்லிய நெருப்பில் கரைத்து, மறுபடி பதம் பார்த்து இறக்கலாம்.

2. பிஸ்கட் சொக்லேட் உருண்டை

இதற்குப் பாகு காய்ச்ச வேண்டியதில்லை. பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு செய்யலாம்.

தேவையான பொருட்கள்:
மாரி பிஸ்கட் – 200 கிராம்
டின்பால் – அரை டின்
கொக்கோ தூள் – 3 மேசைக்கரண்டி
உருக்கிய பட்டர் – 50 கிராம்
உலர்ந்த தேங்காய்த் துருவல் – உருட்டி எடுக்க

செய்முறை:
பிஸ்கட்டை நன்றாகப் பொடித்து, கொக்கோவைச் சலித்துக் கலந்து, பட்டரையும் டின்பாலையும் ஊற்றிப் பிசையுங்கள். அரை மணி நேரம் பிரிஜ்ஜில் வைத்து எடுத்து, சிறு உருண்டைகளாக உருட்டித் தேங்காய்த் துருவலில் புரட்டுங்கள். சுமார் 30 உருண்டைகள் வரும். துருவல் கடையில் விற்கும் உலர்ந்ததாக இருக்கட்டும். பச்சைத் தேங்காய்ப் பூவில் புரட்டினால் விரைவிலேயே கெட்டுவிடும்.

3. சொக்லேட் பேரீச்சம்பழம்

நோன்புக்கு வாங்கிய பேரீச்சம்பழம் மிஞ்சியிருந்தால் அதற்கு இதைவிட நல்ல வழியில்லை.

பழங்களை ஒரு பக்கம் கீறி, விதையை எடுத்துவிட்டு, வறுத்த கஜுவொன்றை உள்ளே வைத்து மூடுங்கள். 250 கிராம் பழத்துக்குச் சுமார் 200 கிராம் குக்கிங் சொக்லேட் போதும். ஒரு சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணையுங்கள். சிறிதாக நறுக்கிய சொக்லேட்டை ஒரு கோப்பையில் இட்டு, கோப்பையின் அடி தண்ணீரில் படாதவாறு அச்சட்டியின் மேல் வைத்துக் கிளறினால் உருகிவிடும்.

கோப்பையிலும் கரண்டியிலும் ஈரம் இருக்கவே கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சொக்லேட் திரண்டு கட்டியாகிவிடும். முள்ளுக்கரண்டியால் பழங்களைத் தோய்த்தெடுத்து ஒயில் பேப்பரில் அடுக்கி இறுக விடுங்கள். வெக்கை அதிகமென்றால் பத்து நிமிடம் பிரிஜ்ஜில் வைக்கலாம். சில நாட்களில் மேலே வெள்ளை படிந்தால் பெரும்பாலும் அது கொழுப்பு மேலெழுந்து வந்ததாகவே இருக்கும். ருசியும் மணமும் மாறாவிட்டால் சாப்பிடலாம்.

கவனம் தேவை

டொபிப் பாகு கொதிநீரைவிடச் சூடானது. தோலில் ஒட்டிக்கொள்வதால் காயமும் ஆழமாகும். பாகு காயும்போது சிறு பிள்ளைகளை அடுப்படிக்கு விடாதீர்கள். கையில் பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரின் கீழ் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசையோ பட்டரோ பூச வேண்டாம். கொப்புளம் பெரிதானால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பொதி செய்தல்

நன்றாக ஆறிய பின்னரே பெட்டியில் இடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி படிந்து பிசுபிசுக்கும். அழகான பெட்டிக்காகச் செலவழிக்க வேண்டாம். ஜாம் போத்தல்களைக் கழுவி வெயிலில் உலர்த்தி, கழுத்தில் ஒரு ரிபன் கட்டினால் போதும். டொபிகளை ஒவ்வொன்றாக ஒயில் பேப்பரில் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டாது. காற்றுப் புகாத போத்தலில் டொபி இரண்டு வாரம் இருக்கும். உருண்டையையும் பேரீச்சம்பழத்தையும் பிரிஜ்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆகவே டொபியைப் பெருநாளுக்கு நான்கைந்து நாள் முன்னரும், மற்றவற்றை முந்திய நாளும் செய்வது வசதி.

ஒரு சிறு துண்டுத் தாளில் ‘பாலும் கஜுவும் சேர்ந்தது’ என்று எழுதி ஒட்டுங்கள். கஜு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கலாம். இம்மூன்றிலும் முட்டை கிடையாது. மாமிசம் உண்ணாத அயலவர்களுக்குக் கொடுக்கும்போது, பிஸ்கட், சொக்லேட் பெட்டிகளிலுள்ள சேர்மானத்தை அவர்களுக்காகவும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். சீனி வியாதி உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குப் பேரீச்சம்பழமும் இனிப்புத்தான் என்பதை மறவாமல், அவர்களுக்கென்று வறுத்த கஜு ஒரு சிறு பொதி சேர்த்து அனுப்புங்கள். தன்னையும் நினைத்துச் செய்திருக்கிறார்களே என்று அவர்கள் உள்ளம் குளிரும்.

இந்தப் பெருநாளைக்கு நீண்ட நாள் போகாத ஒரு வீட்டை நினைவில் வைத்து முதல் போத்தலை நிரப்புங்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்ஷா அல்லாஹ், நீங்களே போய்க் கொடுத்து வாருங்கள்.