சனம் பாடட்டும்

பூசையில் ஒரு பாட்டு முடிந்ததும் சனம் கைதட்டினால், அந்தப் பாட்டு யாருக்காகப் பாடப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கைதட்டுவது பார்வையாளரின் வேலை. கோயிலுக்குள் பார்வையாளர் என்று ஒரு கூட்டம் இருக்கக் கூடாது என்பதுதான் எங்கட கட்சி. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் இந்தக் கரையில் பல கோயில்களில் இப்ப அப்படி ஒரு கூட்டத்தைத்தான் உருவாக்கிக்கொண்டிருக்கிறம்.

கொஞ்சம் காரமாகத்தான் எழுதுறம். எங்களில் பாதிப் பேர் பாடகர் குழுக்களில் இருக்கிறவங்க, கீபோர்ட் வாசிக்கிறவங்க, மைக் பிடிக்கிறவங்க. வெளியே நின்று கல் எறியவில்லை.

திருவிழா வந்தால் என்ன நடக்குது? பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடை எழும்புது. கீபோர்ட், டிரம், மொனிட்டர், கலர் லைட். பாட்டுகள் அந்தத் திருவிழாவுக்கெண்டே புதுசாகப் பழகினவை, அதனால் சனத்துக்கு ஒரு வரியும் தெரியாது. சுருதி பாடகியின் குரலுக்கு ஏற்ற மாதிரி. பின்வரிசையில் நிற்கிற கடற்றொழிலாளியின் தொண்டை அந்த உயரத்துக்கு ஏறாது. அவர் இரண்டு வரி முயற்சி பண்ணுவார், பிறகு வாயை மூடிக்கொள்வார். பிள்ளைகள் போனை எடுத்து வீடியோ பிடிக்குதுகள். வெளியே வந்ததும், "இந்த முறை கொயர் சூப்பர்" என்று ஒரு பேச்சு. இசைக் கச்சேரி முடிந்து வரும்போதும் இதே பேச்சுத்தானே?

எங்களுக்குத் தெரிந்த ஒரு பங்கில், நவநாளில் பல வருஷமாக முதலடி எடுத்துக் கொடுத்த ஓர் அம்மம்மாவிடம், "உங்கட சுருதி பேண்டோட சேரேல்லை, கொஞ்சம் மெதுவாப் பாடுங்க" என்று சொல்லியிருக்கிறாங்க. மரியாதையாகத்தான் சொன்னாங்க. அதற்குப் பிறகு அவ பாடுறதே இல்லை.

இது திடீரென்று வந்ததில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. பூசையை டீவியில் பார்த்தோம். அடுத்த வருஷமே கொரோனா வந்தது, பூசை பேஸ்புக் லைவுக்குப் போனது. அந்த நேரத்தில் அது தேவைதான். ஆனால் சனம் திரும்பி வந்த பிறகும் கமரா வெளியே போகவில்லை. கமராவுக்கு நல்ல படம் வேணும், சுத்தமான சத்தம் வேணும். ஆயிரம் பேர் ஆளுக்கொரு தாளத்தில் பாடுற சத்தம் பதிவில் நல்லா இருக்காது. ஆகவே பாடகருக்கு மைக், சனத்துக்கு மௌனம்.

திருச்சபை இதைத்தான் கேட்டதா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி வழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டது. பூசை எங்கட மொழிக்கு வந்தது அதனால்தான். சனம் ஊமையாக நின்று பார்த்துவிட்டுப் போகக் கூடாது, அறிந்தும் முழுமையாகவும் பங்கெடுக்க வேணும் என்பதுதான் அதன் அடிப்படை. அதே சாசனத்தின் 114ஆம் பிரிவு பாடகர் குழுக்களை வளர்க்கச் சொல்லுது. கூடவே, முழுச் சபையும் தன் பங்கைப் பாட வழி செய்யவும் சொல்லுது. நாங்கள் முதல் பாதியை மட்டும் வாசித்திருக்கிறம் போல.

ரோமாபுரி வரைக்கும் போகவும் தேவையில்லை. எங்கட புத்தளம் மாவட்டத்திலேயே, வென்னப்புவப் பக்கம் போலவத்தையில் ஒரு கல்லறை இருக்குது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் இறந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளாருடையது. டச்சுக் கொம்பனி கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம். குருமார் சில பேர்தான், ஊருக்கு எப்போதாவது வருவாங்க. மற்ற நாட்களில் மூப்பரும் அண்ணாவியும்தான் சனத்தைக் கூட்டிச் செபித்தாங்க. அந்தச் சனத்துக்காகத்தான் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தவக்காலத்தில் ராகத்தோடு வாசிக்கிறாங்க. சிங்களக் கோயில்களில் பசன் பாடுறாங்க. அச்சு வசதி இல்லாத காலத்தில் கையால் படியெடுத்து, ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு வந்த சொத்து இது. எந்தத் தேர்ந்த பாடகரையும் நம்பி அது பிழைக்கவில்லை. டச்சுக்காரனால் நிறுத்த முடியாத பாட்டை நாங்கள் ஒரு மிக்சரை வைத்து நிறுத்தப் பார்க்கிறம்.

இன்னொரு உதாரணம் கடலில் இருக்குது. உடப்பில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவாங்க. ஒருவர் அடி எடுப்பார், மற்றவங்க பதில் பாடிக்கொண்டே இழுப்பாங்க. பாட்டும் இழுவையும் ஒன்று. அம்பாவைக் கைகட்டி நின்று கேட்கிறவன் வலை இழுக்காதவன். அதில் யாருக்கும் குரல் தேர்வு நடக்கிறதில்லை, கயிற்றில் கை இருந்தால் போதும். வலையை மெஷின் இழுக்கத் தொடங்கிய கரைகளில் அம்பாவுக்கு வேலை இல்லாமல் போனது. இப்ப அதைக் கலைவிழா மேடையில் சீருடை போட்டுப் பாடுறாங்க. அழகாத்தான் இருக்குது. ஆனால் கயிறு இல்லை, வலை இல்லை, மீனும் இல்லை. எங்கட வழிபாட்டுப் பாட்டுக்கும் இந்தக் கதிதான் வரப்போகுது.

இந்தக் கரையில் இதைவிடப் பெரிய ஒரு நட்டமும் இருக்குது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் தாண்டி இருக்கிற கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் எத்தனையோ குடும்பங்கள் முன்பு தமிழ் பேசினவை. போன நூற்றாண்டில் பள்ளிக்கூடம் சிங்களமானது, பிறகு வீடும் மெல்ல மெல்லச் சிங்களமானது. சிங்களத்தில் செபிப்பது குறை என்று நாங்கள் சொல்லவில்லை, எங்களில் சிலரின் வீட்டு மொழியும் அதுதான். ஆனால் ஒரு மனிசருக்குச் செபத்தின் மொழி கடைசியாகத்தான் மாறும். பேரப்பிள்ளையோடு சிங்களத்தில் பேசுகிற கிழவி, செபமாலையைத் தமிழில் சொல்லுவா. பழைய மெட்டும் அவ வாயில்தான் இருக்குது. அது யூடியூப்பில் இல்லை, பாட்டுப் புத்தகத்திலும் இல்லை, புத்தகத்தில் சொல் மட்டும்தானே இருக்கும். அவவைப் பத்து வருஷம் வாய் மூடி உட்கார வைத்தால், அந்த மெட்டு அவவோடு சேமக்காலைக்குப் போய்விடும்.

இனி வழக்கமான பதில்களைப் பார்ப்பம்.

"கடவுளுக்குச் சிறந்ததைத்தானே கொடுக்க வேணும்?" கட்டாயம். ஆனால் எது சிறந்தது? ஆமோஸ் ஆகமத்தின் 5ஆம் அதிகாரத்தில் கடவுள் பாட்டையும் யாழையும் வேண்டாம் என்று தள்ளுகிறார். அங்கே குறை சுருதியில் இல்லை, நீதி இல்லாத சனத்தின் திருவிழாவில்தான் குறை. புனித அகுஸ்தீனார் தன் வாழ்க்கை வரலாற்றின் 10ஆம் புத்தகத்தில், பாடப்படுகிற பொருளைவிடப் பாடுகிற விதமே தன்னை அசைக்கிற நேரங்களைப் பாவமாக எண்ணி வருந்துகிறார். அதே இடத்தில் கோயிலில் பாடும் வழக்கம் நல்லது என்றும் ஒத்துக்கொள்கிறார். இவ்வளவு பெரிய மனிசருக்கே அந்த ஆபத்து தெரிந்தது. எங்களுக்கு ஏன் ஒரு சின்ன சந்தேகமும் வருகுதில்லை?

"இப்படி இல்லாவிட்டால் இளைஞர் வரமாட்டாங்க." அந்த இளைஞர் நாங்கள்தான், எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஷோவுக்காக வருகிறவன் அதைவிட நல்ல ஷோ கிடைத்தால் போய்விடுவான். சென்னை ஸ்டூடியோவில் பதிவான பாட்டு அவன் போனிலேயே இருக்குது. கற்பிட்டிப் பக்கத்து ஒரு பங்கு அதோடு போட்டி போட்டு வெல்லவா போகுது? போனால் தர முடியாதது ஒன்று கோயிலில் இருக்குது: பக்கத்தில் நிற்கிறவரின் குரல். ஆடித் திருவிழாவுக்குத் தலவில அன்னம்மாள் கோயிலடியில் கொட்டில் போட்டுத் தங்குகிற குடும்பங்களைப் பாருங்க. ஒரு கொட்டிலில் சிங்களம், அடுத்த கொட்டிலில் தமிழ். பொழுதுபட்டதும் செபமும் பாட்டும். பிசிறு இருக்கும், தாளம் தப்பும். ஆனால் ஒரு வாயும் சும்மா இருக்காது.

"அப்ப நீங்க கலைக்கு எதிரியா?" இல்லை. எங்கட முன்னோர் கூத்து ஆடினாங்க. மாசக்கணக்கில் பழகி, உடுப்புக் கட்டி, இரவிரவாக ஆடினாங்க. ஆனால் அதைக் கோயில் வளவில் மேடை போட்டு ஆடினாங்க, பீடத்தடியில் ஆடவில்லை. கூத்து எது, செபம் எது என்று அவங்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. நல்ல பேண்ட் இருந்தால் திருவிழா இரவு வளவில் கச்சேரி வையுங்க. முதல் ஆளாக வந்து கைதட்டுவம்.

பங்குத்தந்தைமாரிடமும் பாடகர் குழுக்களிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

சுருதியை இறக்குங்க. பாடகிக்குக் கொஞ்சம் தாழ்வாக இருந்தாலும் பரவாயில்லை, ஆண்களும் கிழவிகளும் எட்டுகிற இடத்தில் வையுங்க.

வாராவாரம் புதுப் பாட்டு வேண்டாம். ஒரு பாட்டைச் சனத்தின் வாயில் ஏறும் வரைக்கும் பாடுங்க.

ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சரணத்தையாவது வாத்தியம் இல்லாமல் விடுங்க. சனம் தன் சத்தத்தைத் தானே கேட்கட்டும்.

பாடகர் குழுவை மேடையிலிருந்து இறக்கிச் சனத்துக்குள் நிற்க வையுங்க. பாட்டு நேரத்தில் கமராவை நிறுத்துங்க.

வருகிற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது பழைய ஒப்பாரிகளையும் பசாமையும் தெரிந்த அம்மம்மாமாரிடம் முதலடியைக் கொடுங்க. அவங்க பக்கத்தில் பிள்ளைகளை நிற்க வையுங்க, மெட்டு அப்படித்தான் கைமாறும்.

இதில் ஒன்றுக்கும் காசு தேவையில்லை. சவுண்ட் வாடகையில் மிச்சம் பிடிக்கலாம், அதைப் படகும் வலையும் இழந்து நிற்கிற ஒரு வீட்டுக்குக் கொடுக்கலாம். ஆமோஸ் கேட்ட பாட்டு அதுவாகத்தான் இருக்கும்.