அப்பா போட்ட கூச்சல்

அப்பாவுக்குப் பரிசு வாங்குவது போல அவஸ்தை உலகத்தில் கிடையாது சார். அம்மாவுக்குப் புடவை, மனைவிக்கு (பயத்தோடு) புடவை என்று சமாளித்துவிடலாம். அப்பாவுக்கு?

சட்டைத் துணி எடுத்துக் கொடுத்தால், "எதுக்குடா வீண் செலவு?" என்று பீரோவில் வைத்துப் பூட்டுவார். எங்கள் வீட்டு பீரோவில் இப்படி ஏழு சட்டைத் துணி, நாலு வேட்டி, ஒரு வாட்ச். பி.காம். பாஷையில் சொன்னால், டெட் ஸ்டாக்!

அப்பாவுக்கு எழுபது வயது வந்தபோது மாற்றி யோசித்தேன். பூட்டி வைக்க முடியாத பரிசாகக் கொடுத்தால்? மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயிலில் அவருக்கும் அம்மாவுக்கும் இரண்டு டிக்கெட் போட்டு, பெருமையாக நீட்டினேன்.

"நீ வரலையா?"

"எனக்கு வேலை இருக்குப்பா. நீங்க ரெண்டு பேரும் ஜாலியா..."

"அப்ப கேன்ஸல் பண்ணிடு. எவ்வளவு பிடிச்சுப்பான்?"

அம்மாதான் காப்பாற்றினாள். "என் முட்டிக்கு மலையெல்லாம் ஆகாது. என் டிக்கெட்ல நீ போயேன்டா." முடியுமா என்று நான் முழிக்க, அப்பா சட்டமே பேசினார். உறுதியான டிக்கெட்டை 24 மணி நேரத்துக்கு முன்னால் மனு கொடுத்தால் குடும்பத்தில் இன்னொருவர் பெயருக்கு மாற்றலாமாம். மத்திய சர்க்கார் ஆபீஸில் 34 வருஷம் குப்பை கொட்டியவர் அல்லவா? 'ஐயா, வணக்கம்' போட்டு மனுவையும் அவரே எழுதிவிட்டார்.

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி கிளம்பி, விடிகாலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். 208 வளைவு, 250 பாலம், 16 குகை. கல்லாறு தாண்டியதும் நடுவில் பல் வைத்த தண்டவாளம் வருகிறது. அதைக் கவ்விக்கொண்டு ரயில் மலை ஏறுகிறது.

"இன்ஜின் எங்கடா?"

"பின்னாலப்பா. மலை ஏறும்போது பின்னாலேர்ந்துதான் தள்ளும்."

('அப்பாக்களும் அப்படித்தான்' என்று இங்கே ஒரு வரி எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். எழுதவில்லை.)

"ஆபீஸ்ல எல்.டி.சி. உண்டேப்பா. அப்பவே வந்திருக்கலாமே?" என்றேன்.

ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "டிக்கெட் காசுதான்டா சர்க்கார் தரும். ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் யார் தருவா? ஊட்டிக்குன்னு லீவுகூடப் போட்டேன். அந்த வருஷம்தான் உனக்குக் காலேஜ் ஃபீஸ்."

அடுத்த ரெண்டு பாலத்துக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அந்த பி.காமை வைத்துக்கொண்டுதான் அவர் பீரோவில் டெட் ஸ்டாக் கணக்கு எடுத்திருக்கிறேன்!

அப்புறம் ஒரு குகை வந்தது. ஒரே இருட்டு. பெட்டியில் இருந்த வாண்டுகள் எல்லாம் "ஓ..." என்று கத்த, என் பக்கத்திலிருந்தும் ஒரு "ஓ..." கிளம்பியது. வெளிச்சம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஒன்றும் தெரியாதவர் போலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த குகையில் நானும் சேர்ந்து கத்தினேன்.

ஆகவே நண்பர்களே, ஊட்டிதான் என்றில்லை. உங்கள் அப்பா எந்த ஆசையை எந்த வருஷம் தள்ளிப்போட்டார் என்று அம்மாவிடம் கேளுங்கள், சொல்வார்கள். அங்கே கூட்டிப்போங்கள். டிக்கெட்டைக் கையில் கொடுத்து 'போய்ட்டு வாங்கப்பா' என்றால் அதுவும் பீரோவுக்குள்தான் போகும். ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

சட்டைக்குத் தேய்மானம் உண்டு. இந்தச் சொத்து வளர்கிறது சார்! எதிர் வீட்டுக்காரரிடம் அப்பா முதல் தடவை சொன்னபோது 16 குகை. போன வாரம் காய்கறிக்காரரிடம் 22.

கணக்குப் படித்தவன்தான். திருத்தவில்லை.